வரி எங்கே முடிகிறது? நூற்பட்டியல் கோப்புகளும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளும்

நமது ஊர்களில் வெளிவந்த நூல்களைப் பட்டியல்படுத்தும் வேலை இப்போது கொப்பியிலும் அட்டையிலும் நடப்பது குறைவு. எஸ்.எச்.எம். ஜெமீல் அவர்களின் 'சுவடி ஆற்றுப்படை'யும் என். செல்வராஜா அவர்களின் 'நூல்தேட்ட'மும் அச்சுத் தொகுதிகளாக நம் கைக்கு வந்தவை. அச்சுப் பக்கத்தில் ஒரு நூலின் பதிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. கண்ணுக்குத் தெரிகிறதே! இன்று அந்த வழியில் வேலை செய்யும் இளம் ஆக்கள் எக்செல் தாளில் பதிகிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்க 'சி.எஸ்.வி.' என்ற கோப்பு வகைக்கு மாற்றுகிறார்கள். ஒரு பதிவு எங்கே முடிகிறது என்பது அந்தக் கோப்பில் கண்ணுக்குத் தெரியாத குறிகளில் தங்கியிருக்கிறது. அந்தக் குறி எது என்பதில் கணினிகளுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. அந்த உடன்பாடின்மை நமது பட்டியல்களுக்கு என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் தமிழ் படித்தவன், தமிழ் படிப்பிக்கிறவன். இதை எழுதக் காரணம், இந்தக் கோளாறினால் அடிபடுவது கணினி அல்ல, பாட்டு. அதைப் பற்றிக் கதைக்கத் தமிழ் ஆசிரியனுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

சி.எஸ்.வி. என்பதைத் தமிழில் 'காற்புள்ளியால் பிரிந்த பெறுமானங்கள்' எனலாம். இதைவிட எளிமையான கோப்பு வகை இல்லை. ஒரு வரி ஒரு பதிவு. பதிவின் உறுப்புகளுக்கு இடையில் காற்புள்ளி. அவ்வளவுதான். உதாரணத்துக்கு இரண்டு பதிவுகள்:

அசன்பே சரித்திரம்,1885,சித்திலெப்பை
முஸ்லிம் நேசன்,1882,சித்திலெப்பை

எந்தக் கணினியிலும், எந்தக் காலத்திலும், தனிப்பட்ட மென்பொருள் எதுவும் இல்லாமலே இதைத் திறந்து வாசிக்கலாம். எக்செல் கோப்பை இருபது வருடம் கழித்து எது திறக்கும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. இதை வெறும் எழுத்து வாசிக்கத் தெரிந்த எதுவும் திறக்கும். ஆகவே பட்டியலை நீண்டகாலம் பாதுகாக்க இதுதான் தக்க வடிவம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சிக்கல் 'ஒரு வரி ஒரு பதிவு' என்ற சொல்லில் இருக்கிறது. வரி என்றால் என்ன?

தட்டெழுத்துப் பொறி பாவித்த தலைமுறைக்கு இது இலகுவாக விளங்கும். ஒரு வரி முடிந்ததும் இடப்பக்கம் உள்ள கைப்பிடியைத் தள்ளுவோம். அந்த ஒரு தள்ளலில் இரண்டு வேலை நடக்கும். கடதாசியைச் சுற்றிய உருளை ஒரு வரி மேலே உருளும். உருளையைத் தாங்கிய வண்டி வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். வண்டியை மட்டும் திருப்பி, உருளையை உருட்டாமல் விட்டால் அதே வரிக்கு மேலேயே மறுபடி அடிக்கலாம். சொல்லுக்கு அடிக்கோடு போடுகிறவர்கள் அப்படித்தான் போட்டார்கள். ஆக, இவை இரண்டும் தனித்தனிச் செயல்கள்.

தந்தி வழியே தூரத்தில் உள்ள பொறியை அடிக்க வைக்கும் தொலைத்தட்டச்சுப் பொறிகள் வந்தபோது, இந்த இரண்டு செயலுக்கும் தனித்தனியாக இரண்டு குறிகளை ஒதுக்கினார்கள். வண்டியைத் திருப்பு என்பது ஒன்று, உருளையை உருட்டு என்பது மற்றது. 1963 இல் அமெரிக்காவில் 'அஸ்கி' என்ற எழுத்து அட்டவணை வெளிவந்தபோது இரண்டும் அதில் இடம்பெற்றன. உருட்டும் குறிக்கு எண் 10, திருப்பும் குறிக்கு எண் 13. ஆங்கிலப் பெயர்களைச் சுருக்கிக் கணினி ஆக்கள் முதலாவதை 'எல்.எப்.' என்றும் இரண்டாவதை 'சி.ஆர்.' என்றும் சொல்வர். நான் இங்கே 'பத்து', 'பதின்மூன்று' என்றே எழுதுகிறேன். வரிசை எப்போதும் பதின்மூன்று முதலில், பத்துப் பிறகு. அதற்கும் காரணம் இருந்தது. அக்காலப் பொறி விநாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். வண்டி கடைசியிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்ப ஓர் எழுத்தின் நேரம் போதாது. முதலில் திருப்பச் சொல்லிவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உருட்டச் சொன்னால் நேரம் சரியாக அமைந்துவிடும்.

பிறகு பொறி போனது, வண்டி போனது, உருளையும் போனது. குறிகள் மட்டும் மிஞ்சின. வண்டியே இல்லாத கணினியில் எதற்கு இரண்டு குறி என்று யோசித்த யுனிக்ஸ் காரர்கள் பத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்றைய லினக்ஸும் அந்த வழிதான். அப்பிள் நிறுவனத்தின் பழைய மெக்கின்டோஷ் பதின்மூன்றை மட்டும் வைத்துக்கொண்டது. 2001 இல் வந்த புதிய மெக் இயங்குதளத்துடன் அதுவும் யுனிக்ஸ் வழிக்கு மாறிவிட்டது. மைக்ரோசொப்ட்டின் டொஸ்ஸும் அதன் பின் வந்த விண்டோஸும் பழைய பொறியின் வழக்கப்படி இரண்டையும் சேர்த்தே எழுதின. இன்றும் எழுதுகின்றன. ஆக, 'வரி முடிந்தது' என்ற ஒரே செய்தியை எழுத மூன்று வழக்கு. ஒரே எழுத்தை மூன்று ஊரில் மூன்று விதமாக உச்சரிப்பதைப் போன்றதுதான். ஆனால் மனிதக் காது அதைச் சமாளித்துக்கொள்ளும். மென்பொருளுக்கு அந்தச் சாமர்த்தியம் சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.

விண்டோஸ் கணினியிலுள்ள நோட்பேட் 2018 வரைக்கும் தன் வழக்கைத் தவிர வேறெதையும் அறியாது. லினக்ஸில் எழுதிய கோப்பை அதில் திறந்தால் முழுப் பட்டியலும் ஒரே நீளமான வரியாக வந்து நிற்கும். பார்த்தவர்கள் கோப்புப் பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். உண்மையில் கோப்பில் ஒரு பழுதும் இல்லை.

அப்படிக் கண்ணுக்குத் தெரியும் கோளாறு உண்மையில் நல்ல கோளாறு. கெட்டது, தெரியாதது. மேலே காட்டிய இரண்டு பதிவுகளையே எடுப்போம். முதலாவது பதிவு விண்டோஸ் கணினியிலிருந்து வந்தது. அதன் வரி முடிவில் பதின்மூன்றும் பத்தும் இருக்கின்றன. இரண்டாவது லினக்ஸ் கணினியிலிருந்து வந்தது. அதில் பத்து மட்டும். இரண்டையும் சேர்த்து, பத்து வரும் இடமெல்லாம் வரி முடிகிறது என்று ஒரு செய்நிரல் வெட்டினால் என்ன நடக்கும்? இரண்டு வரியும் ஒழுங்காகவே பிரியும். ஆனால் முதலாவது பதிவின் கடைசி உறுப்பில் 'சித்திலெப்பை'யோடு பதின்மூன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். திரையில் தெரியாது, அச்சிலும் தெரியாது. கணினியின் கணக்கில் மட்டும் அது வேறொரு சொல். ஆசிரியர் அகராதி தயாரிக்கச் சொன்னால் சித்திலெப்பை இரண்டு பேராகி விடுவார். ஒருவர் 'அசன்பே சரித்திரம்' எழுதியவர், மற்றவர் 'முஸ்லிம் நேசன்' நடத்தியவர். பெயரைத் தேடினால் ஒரு நூல்தான் வரும், மற்றது வராது.

சித்திலெப்பையை நமக்குத் தெரியும், பிழையைக் கண்டுபிடித்துவிடுவோம். ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன் சொந்தக் காசில் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு முனாஜாத்து அச்சிட்டுப் பள்ளிவாசலில் பங்கிட்ட ஊர்ப்புலவரை யாருக்குத் தெரியும்? அவருடைய பிரதி ஒரு வீட்டு அலுமாரியில் இருந்திருக்கும். அதைக் கண்டெடுத்துப் பதிந்தவர் திருப்பிக் கொடுத்திருப்பார். அதன் பிறகு அந்தப் புலவர் இருக்கும் இடம் பட்டியலின் அந்த ஒரு நிரை மட்டுமே. சீறாப்புராணத்தின் பதிவு உடைந்தால் திருத்த ஆயிரம் பேர் உண்டு. இவருடைய பதிவு உடைந்தால், உடைந்தது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. இந்த விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வது இதனால்தான்.

கோப்புகளைச் சேர்க்கும்போது இன்னொன்றும் நடக்கும். சி.எஸ்.வி.க்கு 2005 ஒக்டோபரில் ஆர்.எப்.சி. 4180 என்ற ஒரு வரையறை எழுதப்பட்டது. பதிவின் முடிவில் பதின்மூன்றும் பத்தும் சேர்ந்து வரவேண்டும் என்கிறது அது. கடைசிப் பதிவின் பின்னால் மட்டும் வரிமுடிவுக் குறி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று தளர்த்தியும் விட்டது. தனிக் கோப்பாக இருக்கும்வரை இதனால் தீங்கில்லை. ஆனால் அக்குறி இல்லாத ஒரு கோப்பின் வாலில் அடுத்த கோப்பின் தலையை அப்படியே ஒட்டினால், முதற்கோப்பின் கடைசி நூலும் இரண்டாம் கோப்பின் முதல் நூலும் ஒரே நிரையாகிவிடும். இரண்டு நூல் ஒன்றாகும். எத்தனை கோப்புகளை இப்படி ஒட்டுகிறோமோ அத்தனை இடத்திலும் இது நடக்கலாம். இரண்டாம் கோப்பின் முதல் வரி தலைப்பு வரியாக இருந்தால், நூற்பெயர், ஆண்டு என்ற சொற்கள் ஒரு புலவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்பதையும் காணலாம்.

இனிப் பாட்டுக்கு வருவோம்.

செய்யுள் நூல்களைப் பட்டியலிடும்போது முதற்பாட்டையும் பதிந்து வைப்பது நல்ல வழக்கம். ஒரே பெயரில் பல மாலைகளும் கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் உண்டு. அட்டை கிழிந்த பிரதி ஒன்று கிடைத்தால், அது எந்த நூல் என்று காட்டித்தருவது முதற்பாட்டுத்தான். எக்செல் தாளில் ஒரு கட்டத்துக்குள்ளே நான்கு அடிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதலாம். ஓல்ட் விசையை அழுத்திக்கொண்டு என்டர் அடித்தால் கட்டத்தை விட்டு வெளியேறாமல் அடுத்த வரிக்கு இறங்கும். அப்போது எக்செல் அங்கே இடுவது பத்து என்ற குறி. அதாவது, பதிவு முடிவைக் காட்டும் அதே குறிக்கூட்டத்தில் ஒன்று இப்போது அடி முடிவைக் காட்டுகிறது. பதிவு முடிவு ஒன்று, பாட்டின் அடி முடிவு வேறொன்று. இரண்டையும் கணினி எப்படி வேறுபடுத்தும்?

வரையறை இதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஓர் உறுப்புக்குள் காற்புள்ளியோ வரிமுறிவோ இருந்தால் அந்த உறுப்பு முழுவதையும் இரட்டை மேற்கோட் குறிக்குள் வைக்கவேண்டும். உள்ளே மேற்கோட் குறியே வந்தால் அதை இரண்டு தடவை எழுதவேண்டும். மேற்கோட் குறி திறந்திருக்கும்வரை எத்தனை வரி முறிந்தாலும் பதிவு முடியவில்லை என்று பொருள். எக்செல் சேமிக்கும்போது இதை ஒழுங்காகவே செய்கிறது. பிரச்சினை, வாசிக்கும் பக்கத்தில். மேற்கோட் குறியைப் பார்க்காமல் வரிவரியாக வெட்டும் செய்நிரலுக்கு நான்கடிப் பாட்டு நான்கு பதிவாகத் தெரியும். இரண்டாம் அடி ஒரு நூற்பெயராகும். மூன்றாம் அடி இன்னொரு நூற்பெயராகும். பட்டியலிலே இல்லாத நூல்கள் பிறந்துவிடும்.

பட்டியல் வேலையில் என்னோடு இருக்கும் ஒரு தம்பி ஒரு நாள் சொன்னார்: "சேர், எக்செல்ல எல்லாம் வடிவா இருக்கு. நம்மட புரோகிராமுக்குள்ள போட்டாத்தான் உடையுது. பேசாம பாட்டுகள எல்லாம் ஒரே வரியா அடிச்சிருவமே?"

கணினி படித்த பலரும் இதே ஆலோசனையைத்தான் சொல்கிறார்கள். கட்டத்துக்குள் வரிமுறிவே வேண்டாம், எல்லாவற்றையும் இடைவெளியாக மாற்றிவிடு. முகவரிப் பட்டியலுக்கு இது சரி. மாணவர் இடாப்புக்கும் சரி. பாட்டுக்குச் சரியில்லை என்பது என் துணிபு. ஆனால் இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓலைச்சுவடியில் பாட்டுகள் அடிஅடியாக எழுதப்படவில்லை. ஓலையின் நீளம் முடியும் இடத்தில் வரி முடிந்தது. பாட்டின் அடி அதற்குள் எங்கோ முடிந்தது. பதிப்பித்தவர்கள் யாப்பறிந்து பிரித்துக்கொண்டார்கள். அப்படியானால் நாமும் ஒரே ஓட்டமாக எழுதி வைத்தால் பின்னால் வருகிறவர்கள் பிரித்துக்கொள்ள மாட்டார்களா?

விருத்தமாக இருந்தால் பிரிக்கலாம். நான்கு அடியும் அளவொத்து வரும். ஒவ்வோர் அடியின் இரண்டாம் எழுத்தும் எதுகையாக ஒன்றி நிற்கும். எதுகையைப் பிடித்துக்கொண்டு போனாலே அடி வந்துவிடும். கண்ணியாக இருந்தாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். நமது கிழக்கிலங்கை நாட்டார் கவிகளில் கொஞ்சம் கஷ்டம். வாய்மொழியில் இழுத்துப் பாடுவதால் அளவு நெகிழ்ந்து நிற்கும்; எதுகை எல்லா இடத்திலும் துணைக்கு வராது. கேட்டுப் பழகியவர் பிரிப்பார், பழகாதவர் தடுமாறுவார். புதுக்கவிதைக்கு வந்தால் கதை முடிந்தது. அங்கே யாப்பு இல்லை, எதுகை இல்லை. ஒரு சொல்லைத் தனி வரியில் நிறுத்தினார் என்றால் அது அவர் எடுத்த முடிவு. அந்த முடிவுக்கு மூலப் பிரதியைத் தவிர வேறு சாட்சி கிடையாது. வரிமுறிவை இடைவெளியாக மாற்றிய அந்த நொடியிலே அந்தச் சாட்சி அழிந்துவிடுகிறது. சுவடி எழுதியவருக்கு யாப்புத் துணை நின்றது. எழுபதுகளுக்குப் பின் நம்மவர்கள் வெளியிட்ட கவிதைத் தொகுதிகளில் பெரும்பகுதிக்கு அந்தத் துணை இல்லை.

அடிகளுக்கு இடையில் சாய்கோடு இட்டு ஒரே வரியாக எழுதுவது ஒரு நடுவழி. ஆய்வுக் கட்டுரைகளில் நாமும் அப்படி எழுதுகிறோம். அது பாதுகாப்பானது, நான் மறுக்கவில்லை. ஆனால் பதிகிறவர் பத்துப் பேர் என்றால், ஒருவர் சாய்கோட்டுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடுவார், ஒருவர் விடமாட்டார், ஒருவர் மறந்தே போவார். ஓல்ட்டும் என்டரும் எல்லோருக்கும் ஒன்றுதான். மேற்கோட் குறியை மதித்து வாசிக்கும் செய்நிரலைப் பாவித்தால் வேறொன்றும் தேவையில்லை என்பதே என் கட்சி.

அப்படியான செய்நிரல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நமது தம்பிமார் பெரும்பாலும் பாவிப்பது பைத்தன் என்ற கணினி மொழி. அதில் சி.எஸ்.வி. வாசிக்கவும் எழுதவும் தனிக்கூறு ஒன்று உண்டு. மேற்கோட் குறிக்கு வெளியே பத்து வந்தாலும் பதின்மூன்று வந்தாலும் இரண்டும் சேர்ந்து வந்தாலும் அதைப் பதிவு முடிவாக அது ஏற்றுக்கொள்ளும். மேற்கோட் குறிக்குள்ளே வருவதைத் தொடாது. நமக்கு வேண்டியது இதுவேதான். ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பைத்தன் எந்த எழுத்துக் கோப்பைத் திறந்தாலும், கேட்காமலே வரிமுடிவுகளைத் தன் வழக்குக்கு மாற்றிக்கொடுக்கும் குணம் உடையது. வாசிக்கும்போது மூன்று வழக்கையும் பத்தாக்கும். விண்டோஸில் எழுதும்போது ஒவ்வொரு பத்தையும் பதின்மூன்றும் பத்துமாக ஆக்கும். சி.எஸ்.வி. கூறோ பதிவு முடிவில் தானே பதின்மூன்றும் பத்தும் எழுதுகிறது. இரண்டு பேரும் உதவி செய்தால் என்ன ஆகும்? பதின்மூன்று, பதின்மூன்று, பத்து. எக்செல்லில் திறந்தால் ஒவ்வொரு நிரைக்கும் நடுவில் ஒரு வெற்று நிரை. இந்த வெற்று நிரைகளைக் கையால் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். பாவம். கோப்பைத் திறக்கும் கட்டளையில் 'நியூலைன்' என்ற இடத்துக்கு எதுவுமில்லாத வெற்று மேற்கோட் குறியைக் கொடுத்தால் போதும். 'வரிமுடிவில் நீ கைவைக்காதே, அதை சி.எஸ்.வி. கூறு பார்த்துக்கொள்ளும்' என்பது அதன் பொருள். வாசிக்கும்போதும் கொடுக்கவேண்டும், எழுதும்போதும் கொடுக்கவேண்டும். வாசிக்கும்போது கொடுக்காவிட்டால் வெளியே தெரியும் சேதம் எதுவும் இராது. ஆனால் கட்டத்துக்குள் இருந்த குறிகள் மூலத்தில் இருந்தபடி வந்து சேரா.

வேறொரு வழியும் சிலர் கையாளுகிறார்கள். கோப்பை ஓர் எழுத்துத் தொகுப்பியில் திறந்து, எல்லா வரிமுடிவுகளையும் ஒரே வழக்குக்கு ஒரேயடியாக மாற்றிவிடுவது. மேற்கோட் குறிகள் ஒழுங்காக இருக்கும் கோப்பில் இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் மேற்கோட் குறி இடாமலே கோப்பை வெளியேற்றும் பழைய மென்பொருள்களும் இருக்கின்றன. அப்படி வந்த கோப்பில் பதிவு முடிவில் பதின்மூன்றும் பத்தும், பாட்டின் அடி முடிவில் பத்து மட்டும் இருக்கக்கூடும். எது பதிவு, எது அடி என்று காட்டும் ஒரே தடயம் அந்த வேறுபாடுதான். 'சுத்தம் செய்கிறேன்' என்று எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் தடயம் போயிற்று. எனவே வந்த கோப்பை வந்தபடி ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் எதையும் தொடவேண்டும். முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பதின்மூன்றும் பத்தும் எண்ணிக்கையில் சமமாக இருந்து, எப்போதும் சோடியாக வந்தால் அது சாதாரண விண்டோஸ் கோப்பு. பத்து அதிகமாக இருந்தால், அந்த மேலதிகம் கட்டத்துக்குள் உள்ள அடிகளாக இருக்கலாம், அல்லது இரண்டு வழக்கும் கலந்த ஒட்டுக் கோப்பாக இருக்கலாம். பத்தே இல்லாமல் பதின்மூன்று மட்டும் இருந்தால் பழைய மெக் வழக்கு. எக்செல்லிலும் 'மெக்கின்டோஷ் சி.எஸ்.வி.' என்று ஒரு தெரிவு இருக்கிறது. தெரியாமல் அதைத் தெரிந்தவர்கள் அனுப்பும் கோப்பும் இப்படித்தான் வரும்.

எண்ணிப் பார்ப்பதற்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற இலவச மென்பொருள் உதவும். எல்லாக் குறிகளையும் காட்டு என்ற தெரிவைப் போட்டால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் எந்தக் குறி இருக்கிறதென்று சின்னக் கறுப்புப் பெட்டிகளாகக் காட்டும். சாதாரண நோட்பேட்டின் இன்றைய பதிப்பும் கீழ்ப்பட்டியில் கோப்பின் வழக்கைக் காட்டுகிறது. ஆனால் அது ஒரு பெயரை மட்டுமே காட்டும். கலந்த கோப்பில் அதை நம்ப முடியாது.

இந்த வரிமுடிவு மாற்றங்களில் தமிழ் எழுத்துகள் சிதைந்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். கோப்பு யூ.டி.எப்-8 என்ற குறியீட்டில் இருக்கும்வரை அந்தப் பயம் தேவையில்லை. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். அந்த மூன்றில் ஒன்றுகூட 128க்குக் கீழே வராது. அரபு எழுத்துக்கு இரண்டு பைட்டுகள், அங்கும் அதே விதி. ஆகவே பத்து என்றோ பதின்மூன்று என்றோ ஒரு பைட் தென்பட்டால் அது வரிமுடிவுதான். அரபுத்தமிழ்ப் பெயரின் துண்டாக இருக்க வழியே இல்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. தமிழ் ஆசிரியர்களுக்கு இது சுவையாக இருக்கும். பத்து, பதின்மூன்று தவிர 133 என்றொரு குறியும் உண்டு. ஐ.பி.எம். பெருங்கணினிகளின் வழியில் வந்தது, அதற்கும் 'அடுத்த வரி' என்றே பெயர். இப்போது அகரத்தை எடுப்போம். யூ.டி.எப்-8 இல் 'அ' என்ற எழுத்தின் மூன்று பைட்டுகள் 224, 174, 133. கோப்பு யூ.டி.எப்-8 என்று அறியாமல், ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய 'லத்தீன்-1' குறியீடு என்று நினைத்துத் திறந்து, பைத்தனின் 'ஸ்பிளிட்லைன்ஸ்' என்ற கட்டளையால் வரிவரியாகப் பிரித்தால், அந்த 133 ஐ அது வரிமுடிவாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வோர் அகரத்திலும் வரி வெட்டுப்படும். தமிழ் எழுத்துகளில் அகரம் ஒன்றுக்குத்தான் இந்தத் தலைவிதி. ஆகாரத்தின் கடைசி பைட் 134, அது தப்பிவிடும். அப்துல், அஹ்மத், அலி, அரபு என்று தொடங்கும் சொற்கள் நமது பட்டியலில் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். வேறெந்தத் தமிழ்ப் பட்டியலையும்விட நமது பட்டியல்தான் இதில் அதிகம் அடிபடும்.

நல்ல காலம், இந்தக் காயம் ஆறக்கூடியது. 224, 174 என்ற இரண்டும் மூன்றாவது துணையில்லாமல் ஒழுங்கான கோப்பில் வரவே முடியாது. ஆகவே அவை இரண்டுக்கும் அடுத்ததாக ஒரு வரிமுடிவு நின்றால், அங்கே தொலைந்தது அகரம்தான் என்று ஐயமின்றிச் சொல்லலாம். ஒரு சிறிய மாற்றுக் கட்டளையால் எல்லா அகரங்களையும் திருப்பிக் கொண்டுவரலாம். இடைவெளியாக மாறிய புதுக்கவிதையின் வரிக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

எழுதும் பக்கத்தில் நாம் செய்யவேண்டியது அதிகமில்லை. பதிவு முடிவில் வரையறை சொன்னபடி பதின்மூன்றும் பத்தும். பாட்டின் அடி முடிவில் பத்து மட்டும். பாட்டு உள்ள கட்டம் எப்போதும் இரட்டை மேற்கோட் குறிக்குள். கடைசிப் பதிவுக்குப் பின்னும் வரிமுடிவு. சேமிக்கும்போது எக்செல்லில் 'சி.எஸ்.வி. யூ.டி.எப்-8' என்ற தெரிவையே எடுக்கவேண்டும், வெறும் 'சி.எஸ்.வி.' என்பதை எடுத்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அதற்குப் பிறகு வரிமுடிவைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் மிஞ்சாது. கடைசி நிரலில் ஆசிரியர் பெயரையோ ஆண்டையோ வைக்காமல், குறிப்பு போன்ற முக்கியம் குறைந்த ஒன்றை வைப்பது நல்லது. ஒட்டிக்கொள்ளும் பதின்மூன்று அங்கே ஒட்டிவிட்டுப் போகட்டும்.

நாங்கள் இப்போது தாளில் இன்னொரு நிரல் சேர்த்திருக்கிறோம். அதன் தலைப்பு 'அடி எண்ணிக்கை'. பதிகிறவர் நூலைக் கையில் வைத்திருக்கும்போதே, முதற்பாட்டு எத்தனை அடி என்று எண்ணி வெறும் இலக்கமாக எழுதிவிடவேண்டும். கோப்பை யார் திறந்தாலும், எதற்கு மாற்றினாலும், ஒட்டினாலும், ஒவ்வொரு பாட்டுக் கட்டத்திலும் உள்ள வரிகளை எண்ணி அந்த இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பொருந்தாத நிரைகள் மட்டும் தனியே பிரிந்து வரும். அவற்றைப் பதிந்தவருக்கே திருப்பி அனுப்புகிறோம், நூல் அவர் கையில் இருக்கும்போதே.